மாட்யூல்: கூறா, தொகுப்பா, சிப்பமா?

பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்கத் தொடங்குபவர்கள் தவறாமல் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. படங்களைக் கையாளப் பில்லோ என்ற மென்பொருள் வேண்டும் என்று, கட்டளைகளைத் தட்டும் முனையத்தைத் திறந்து ‘பிப் இன்ஸ்டால் பில்லோ’ என்று தட்டுகிறார்கள். பிப் என்பது இப்படி நிறுவித்தரும் கருவி. நிறுவி முடிந்தது என்று கணினியும் சொல்கிறது. அடுத்து நிரலில் ‘இம்போர்ட் பில்லோ’ என்று எழுதி ஓட்டினால், அப்படி ஒரு மாட்யூலே இல்லை என்று பிழைச்செய்தி வருகிறது. இப்போதுதானே நிறுவினோம்?

நிறுவியது உண்மைதான். நிறுவியதன் பெயர் பில்லோ; அதற்குள்ளிருந்து நிரல் அழைக்க வேண்டியதன் பெயர் ‘பிஐஎல்’. இது பில்லோவின் தனிக் கோணல் அன்று. ‘பியூட்டிஃபுல்சூப்4’ என்று வரவழைத்தால் ‘பிஎஸ்4’ என்று அழைக்க வேண்டும். ‘ஓப்பன்சிவி-பைத்தான்’ உள்ளே வந்ததும் ‘சிவி2’ ஆகிவிடுகிறது. தமிழ் எழுத்துகளைக் கையாள உதவும் ‘ஓப்பன்-தமிழ்’ நிரலுக்குள் வெறும் ‘தமிழ்’தான். கட்டளை கொண்டுவருவது பேக்கேஜ். நிரல் கூப்பிடுவது மாட்யூல். சேலத்துப் பயிற்சி நிலையங்களில் இரண்டையுமே மாட்யூல் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். தமிழில் எழுதுவோரோ இரண்டையுமே ‘தொகுப்பு’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மாணவருக்கு இரண்டினாலும் பயனில்லை.

மாட்யூலின் வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘மோடஸ்’ என்றால் அளவு. ‘மாடுலஸ்’ என்றால் சிற்றளவு. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், கோயிலின் தூண் பருமனை ஒட்டி ஒரு சிற்றளவை வரையறுத்து, மற்ற உறுப்புகளையெல்லாம் அதன் மடங்காகக் கணக்கிட்டார். மாடல், மோல்டு, மோடு ஆகியவையும் இந்தக் குடும்பம்தான். அளவெடுத்துச் செய்த உறுப்பு என்ற பொருள் பிறகு வந்தது. அங்கிருந்து சொல் நிரலாக்கத்துக்குள் நுழைந்தது. பெரிய நிரலை எந்த அடிப்படையில் மாட்யூல்களாகப் பிரிப்பது என்று கணினி அறிஞர் டேவிட் பார்னாஸ் 1972இல் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. வேலையின் வரிசைப்படி பிரிக்காதே, நாளைக்கு மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு மாட்யூலுக்குள் ஒளித்து வை என்பது அவர் வாதம். அதே பத்தாண்டில் இன்னொரு கணினி அறிஞர் நிக்லாஸ் விர்த் தாம் உருவாக்கிய மொழிக்கே ‘மாடுலா’ என்று பெயரிட்டார்.

பேக்கேஜுக்கு இவ்வளவு வரலாறு தேவையில்லை. கட்டு, மூட்டை என்று பொருள்படும் ‘பேக்’கிலிருந்து வந்தது. வணிகர்களின் சொல்.

தமிழுக்கு வருவோம். மாட்யூலுக்கு வேர்ப்பொருளில் மிக நெருக்கமான சொல் ‘மட்டு’. மட்டு என்றால் அளவு, எல்லை. நாம் நாள்தோறும் சொல்லும் ‘மட்டும்’ அதன் வழி வந்ததே. பத்தாம் வகுப்புக் கணக்கில் ‘மட்டு எண்கணிதம்’ என்று படித்தோமே, அது மாடுலஸுக்கு நேர். இலக்கணமாகப் பொருந்துகிறது என்பதற்காக இதையே எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. கணக்கு ஏற்கெனவே அதைத் தன் வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. வகுத்தபின் மீதி காணும் நிரலில் மட்டுவும் மாட்யூலும் ஒரே வரியில் வந்து மோதும். ‘தொகுதி’ என்றும் எழுதுகிறார்கள். சேலம் மேற்குத் தொகுதியை நிறுவ முடியவில்லை என்று யாராவது படித்துவிட்டால் தேர்தல் ஆணையம்தான் பதில் சொல்ல வேண்டும்.

மிச்சம் இருப்பது ‘கூறு’. கூறு என்றால் பகுத்த பங்கு. சோழர் காலத்து நாட்டுப் பிரிவுக்குக் ‘கூற்றம்’ என்று பெயர். உமையொரு கூறன் என்று சிவனைச் சொல்கிறோம். ஏற்காட்டில் சாலையோரத்தில் ஆரஞ்சையும் பட்டர் ஃப்ரூட்டையும் தராசில்லாமல் குவித்துவைத்து, கூறு இவ்வளவு என்று விலை சொல்வார்கள். ஒவ்வொரு குவியலும் பெரிய மூட்டையிலிருந்து பிரித்தது, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் அளவு, ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துக்கொள்ளலாம். விட்ருவியஸின் சிற்றளவும் பார்னாஸின் பிரிப்பும் அந்தக் குவியலிலேயே இருக்கின்றன. போதாக்குறைக்கு, ‘கூறுகெட்டவன்’ என்ற வசவும் நம்மிடம் உண்டு. தேவையான மாட்யூல் கிடைக்காமல் நின்றுபோகும் நிரலைக் கூறுகெட்ட நிரல் என்றால் மிகையில்லை. கட்டுரைகளில் தெளிவு வேண்டுமானால் ‘நிரற்கூறு’ என்று எழுதலாம்.

பேக்கேஜுக்குச் சொல் தேடி அகராதியைப் புரட்ட வேண்டாம், சேலம் செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடைப் பக்கம் போனால் போதும். அரிசி சிப்பமாக வருகிறது. தறிக்காரர் நூலைச் சிப்பம் சிப்பமாக வாங்குகிறார். கட்டி, பெயர் எழுதி, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்புவதற்கென்றே ஆனது சிப்பம். லினக்ஸ் இயங்குதளத்தின் தமிழாக்கங்களில் ‘பொதி’, ‘தொகுப்பு’ இரண்டும் புழங்குகின்றன. பொதி எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் அதைச் சொன்னதும் கழுதை நினைவுக்கு வருகிறது. தொகுப்போ கவிதைத் தொகுப்பு முதல் குடியிருப்புத் தொகுப்பு வரை எல்லா வேலையும் பார்த்துக் களைத்துப்போயிருக்கிறது. ஆகவே பேக்கேஜ் என்பது சிப்பம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலச் சொற்கள் மொழிக்கு மொழி இடம் மாறுகின்றன. பைத்தானில் ஒரு கோப்பு மாட்யூல், பல கோப்புகள் கொண்ட அடைவு, அதாவது ஃபோல்டர், பேக்கேஜ். அதையே கட்டி அனுப்புவதும் பேக்கேஜ் என்றே வழங்குகிறது. கோ மொழியில் 2018இல் வந்த 1.11 பதிப்பிலிருந்து மாட்யூல்தான் பெரியது. அதற்குள்தான் பேக்கேஜ்கள் இருக்கின்றன. பெர்ல் மொழியில் பேக்கேஜ் என்பது வெறும் பெயர்வெளி, அதாவது பெயர்கள் ஒன்றோடொன்று மோதாமல் பிரித்துவைக்கும் எல்லை. 1995 முதல் இயங்கும் ‘சிபான்’ களஞ்சியத்திலிருந்து இறங்கும் கட்டுக்கு அங்கே ‘டிஸ்ட்ரிபியூஷன்’ என்று பெயர். சொல்லைப் பார்த்து மொழிபெயர்ப்பவர் இங்கே நிச்சயம் வழுக்குவார். செய்யும் வேலையைப் பார்த்தால் சிக்கல் இல்லை: களஞ்சியத்திலிருந்து கட்டளை கொண்டுவருவது எதுவோ அது சிப்பம், நிரல் பெயர் சொல்லி அழைப்பது எதுவோ அது கூறு. அப்படியானால் கோ மொழியின் மாட்யூல் தமிழில் சிப்பம் என்றும் அதன் பேக்கேஜ் கூறு என்றும் ஆகும். தலைகீழாகத் தெரியும்; இருக்கட்டும்.

இன்ஸ்டால் என்பதற்கு ‘நிறுவு’ ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. தேவாலயத்தில் ஒரு குருவை அவருக்குரிய இருக்கையில் அமர்த்துவதே இன்ஸ்டால் என்பதன் பழைய பொருள். நாம் சிலையை நிறுவுகிறோம், சங்கத்தை நிறுவுகிறோம். நிற்கச் செய்வதுதான் நிறுவுவது. நல்ல பொருத்தம், கை வைக்க வேண்டாம்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் பிரச்சினை வருகிறது. ஒரே கணினியில் இரண்டு பைத்தான்கள் இருந்தால் பிப் எதற்குள் சிப்பத்தை வைத்தது என்று தெரியாது. அதனால்தான் அனுபவசாலிகள் ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்’ என்று நீட்டி எழுதுகிறார்கள். எந்தப் பைத்தானைக் கூப்பிட்டோமோ அதற்கே சிப்பம் போய்ச்சேரும். அந்த ‘எம்’ மாட்யூலின் முதலெழுத்து. பிப்பும் ஒரு கூறுதான், அதை அழைத்து ஓட்டு என்கிறோம். 2023இல் வந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் வகையில் இயங்குதளத்தின் சொந்தப் பைத்தானுக்குள் பிப் கொண்டு நேரடியாக நிறுவப் போனால் மறுத்துவிடும். இயங்குதளத்தின் கருவிகளே அந்தப் பைத்தானை நம்பி ஓடுவதால், கண்டபடி சிப்பங்களைக் கொட்டினால் அவை படுத்துவிடும். தீர்வு, பைத்தான் 3.3 முதல் உடன் வரும் ‘வென்வ்’. இதை ‘மெய்நிகர் சூழல்’ என்று எழுதுகிறார்கள். வட்டில் கண்ணுக்குத் தெரியும் சாதாரண அடைவு அது. அதில் மெய்நிகர் எங்கே இருக்கிறது? ‘தனிச்சூழல்’ என்றால் போதும், வேலையும் விளங்கும்.

கடைசியாக ‘டிபென்டென்ஸி’. ஒரு சிப்பம் இயங்க வேறு சில சிப்பங்கள் வேண்டியிருப்பது. ‘சார்பு’ என்று பலரும் எழுதுகிறார்கள். ஆனால் கணக்குப் புத்தகத்தில் ‘உறவுகளும் சார்புகளும்’ என்று படித்த மாணவருக்குச் சார்பு என்றால் ஃபங்ஷன். நிரலில் ஃபங்ஷனும் டிபென்டென்ஸியும் பக்கத்தில் பக்கத்தில் வரும் என்பதால் இந்தச் சொல் இங்கே ஆகாது. பைத்தான்காரர்கள் அவற்றைப் பட்டியலிடும் கோப்புக்கே ‘ரிக்வயர்மென்ட்ஸ்’, அதாவது தேவைகள், என்றுதான் பெயர் வைக்கிறார்கள். நாமும் ‘தேவைச் சிப்பம்’ என்று வைத்துக்கொள்ளலாம். நிறுவும்போது பிப் தேவைச் சிப்பங்களைத் தானே தேடிக் கூட்டிவரும். நீக்கச் சொன்னால் நாம் பெயர் சொன்னதை மட்டும் நீக்கிவிட்டு, கூட்டிவந்தவற்றை அப்படியே விட்டுவிடும். நிறுவியவற்றைப் பட்டியலிடும் ‘பிப் லிஸ்ட்’ பார்த்து அவற்றை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் மொழி உலகில் பிப்பின் வேலையைச் செய்யும் ‘என்பிஎம்’, வேறு எதற்கும் வேண்டாதவற்றைத் தானே அகற்றிவிடுகிறது.