வரையறை சரி, விடை தவறு

முதலாண்டு உளவியல் வகுப்பில் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்டுவிடுவேன். அலைபேசி வேண்டுமென்று குழந்தை வீறிட்டு அழுகிறது. அப்பா கொடுக்கிறார், அழுகை நிற்கிறது. அடுத்த முறை அழுகை தொடங்குமுன்பே அப்பாவின் கை நீள்கிறது. அப்பாவின் நடத்தையில் நிகழ்ந்தது என்ன?

பெரும்பாலோர் 'தண்டனை' என்று எழுதுவார்கள். சிலர் அப்பாவை விட்டுவிட்டுக் குழந்தையைப் பற்றி எழுதுவார்கள். சரியான விடை எதிர்மறை வலுவூட்டல். இத்தனைக்கும் அதன் வரையறையைக் கேட்டிருந்தால் இவர்களே பிசகாமல் ஒப்பித்திருப்பார்கள்.

'எதிர்மறை' என்றதும் மனம் 'கெட்டது' என்று எடுத்துக்கொள்கிறது. இங்கே அது வெறும் கழித்தல் குறி: தொல்லை தந்த ஒன்று விலகுகிறது. வலுவூட்டல் என்றால் நடத்தை கூடும்; தண்டனை என்றால் குறையும். அழுகை ஓய்ந்த நிம்மதி, அப்பாவின் கொடுக்கும் பழக்கத்தைக் கூட்டிவிட்டது. (குழந்தைக்கு நடந்தது நேர்மறை வலுவூட்டல்: விரும்பியது கிடைத்ததால் அழும் பழக்கம் கூடுகிறது. ஒரே காட்சியில் இருவரும் ஒருவரையொருவர் பழக்கிக்கொள்கிறார்கள்!) மாணவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நடத்தையியலின் முன்னோடியான உளவியலாளர் ஸ்கின்னரே 1938இல் இச்சொல்லை வேறு பொருளில் கையாண்டுவிட்டுப் பின்னர்தான் மாற்றிக்கொண்டார்.

ஆலோசனை அறையில் இந்தக் குழப்பம் மதிப்பெண்ணோடு போவதில்லை. மேடைப் பயம் உள்ளவர் பேச்சை ரத்து செய்கிறார். உடனே நெஞ்சு இலேசாகிறது. அந்த ஆறுதல்தான் தவிர்க்கும் பழக்கத்துக்குத் தீனி. இது புரியாத உறவினர், "வேண்டாம், விட்டுவிடு" என்று அன்போடு சொல்லிப் பயத்தை வளர்த்துவிடுகிறார்.

மனச்சிதைவு நோயை 'இரட்டை ஆளுமை' என்பதும், இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறினாலே ஒன்று மற்றதற்குக் காரணம் என்பதும் இதே வகைத் தவறுகள். மூளையில் பத்து விழுக்காட்டைத்தான் பயன்படுத்துகிறோம் என்பதை இன்னும் நம்புகிறவர்களும் வகுப்பில் உண்டு.

திரும்பத் திரும்ப வாசித்தால் பக்கம் பழகிவிடும். அந்தப் பழக்கத்தை அறிவென்று நினைத்து ஏமாறுகிறோம். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுவாசிப்பு செய்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, புத்தகத்தைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களே முந்தினார்கள்.

அதனால் என் மாணவர்களிடம் வரையறை கேட்பதை நிறுத்திவிட்டேன். பாடநூலில் இல்லாத சொந்த எடுத்துக்காட்டு ஒன்றை எழுதச் சொல்கிறேன். விடையைச் சரிபார்க்குமுன் அதில் எவ்வளவு உறுதி என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போடச் சொல்கிறேன். ஒன்பது போட்டுவிட்டுத் தவறிய கேள்விகளைத்தான் முதலில் எடுத்து வைத்துக்கொண்டு பேசுவோம்.

சென்ற முறை ஒரு மாணவி எழுதியிருந்தாள்: "தேர்வை நினைத்தால் பதற்றம். புத்தகத்தை மூடினால் பதற்றம் போய்விடுகிறது. அதனால் மூடிக்கொண்டே இருக்கிறேன்." உறுதி என்ற இடத்தில் நான்கு போட்டிருந்தாள். நான் முழு மதிப்பெண் போட்டேன்.