பத்தானி பேச்சுவார்த்தை ஏன் இழுத்துக்கொண்டே போகிறது?

கோலாலம்பூரில் சமரசப் பேச்சு பற்றி வகுப்பு எடுப்பது என் வேலை. தென் தாய்லாந்தில் தனிநாடு கேட்டு ஆயுதம் ஏந்திய மலாய் முஸ்லிம் அமைப்புகளுக்கும் தாய் அரசுக்கும் நடக்கும் பேச்சு என்று ஆரம்பித்தாலே, "முஸ்லிமுக்கும் பௌத்தருக்கும் ஆகாது, அதான் தீரவில்லை" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். மதமும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பத்தானி, யாலா, நராதிவாட் பகுதிகளில் 2004 முதல் 7,000 பேருக்கு மேல் செத்த பிறகும் பேச்சு நகராததற்குக் காரணம், மேசைக்கு வருகிறவர் கையில் முடிவு இல்லை என்பதுதான்; இரு பக்கமும் இதே நிலைமை.

2013 பிப்ரவரியில் அப்போதைய தாய் பிரதமர் யிங்லக்கின் அரசும், அங்கே சண்டையிடும் முக்கிய ஆயுத அமைப்பான பிஆர்என்னும், மலேசியா நடுவில் நிற்க, பேச்சைத் தொடங்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டன. பிஆர்என் சார்பில் ஹசன் தாயிப் போட்டார், சரி. ஊருக்குள் துப்பாக்கி வைத்திருக்கும் பையன்கள் அவர் சொன்னால் கேட்பார்களா என்பது அப்போதே சந்தேகம். தாய் ராணுவத்துக்கும் இதில் இஷ்டமில்லை. 2014 மே மாதம் ராணுவமே ஆட்சியைப் பிடித்தது. 2022 ரமலானுக்கு இரு தரப்பும் தாக்குதலை நிறுத்திவைத்தன, அதற்குள் பத்தானியின் சாய்புரியில் குண்டு வெடித்தது. வைத்தது நாங்கள்தான், எங்களைப் பேச்சில் சேர்க்கவில்லை என்றது பூலோ என்ற பழைய பிரிவினைவாத அமைப்பு.

அப்புறம் நராதிவாட்டில் உள்ள தாக் பாய் ஊரில் நடந்தது. 2004 அக்டோபர் 25, அதுவும் ரமலான் மாதம். கைதான ஆறு பேரை விடச் சொல்லி காவல் நிலையத்துக்கு முன்னால் கூடியவர்களில் ஏழு பேர் சுடப்பட்டுச் செத்தார்கள். பிடிபட்டவர்களின் கையைப் பின்னால் கட்டி, ராணுவ லாரிகளில் குப்புறப் படுக்கவைத்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்கி, பத்தானி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். போய்ச் சேர்வதற்குள் 78 பேர் மூச்சுமுட்டி இறந்துவிட்டார்கள். இருபது வருடம் கழித்து, 2024-இல், குடும்பங்கள் போட்ட வழக்கை நராதிவாட் நீதிமன்றம் ஏற்றது, பிடிவாரண்டும் வந்தது. குற்றம் சாட்டப்பட்ட அதிகாரிகளில் ஒருவர்கூட ஆஜராகவில்லை. வழக்கு நடத்தச் சட்டம் தரும் இருபது வருடக் காலக்கெடு முடிந்தது, வழக்கும் முடிந்தது. இதைப் பார்த்த ஒரு குடும்பத்திடம் போய் 'அரசு எழுதிக்கொடுத்தால் நம்பலாம்' என்று எந்த மத்தியஸ்தர் சொல்ல முடியும்?

தாய் அரசியல் சாசனத்தின் முதல் பிரிவே நாடு பிரிக்க முடியாதது என்கிறது. அதனால் தன்னாட்சி என்று வாயெடுத்தாலே பாங்காக்கில் சந்தேகக் கண்தான். வெளிநாட்டுப் பார்வையாளர்களை உட்காரவைத்தால் இது சர்வதேசப் பிரச்சினை ஆகிவிடும் என்ற பயம் வேறு.

இத்தனைக்கும் நடுவில், உள்ளூர் மக்களிடம் கருத்துக் கேட்கலாம் என்று இரு தரப்பும் பேசுகின்றன. பிஆர்என் ஆட்கள் ஊருக்குள் வந்தால்தானே கேட்க முடியும்? வந்தால் கைது செய்யமாட்டோம் என்ற உத்தரவாதத்தை யார் கொடுப்பது, அதை ராணுவம் மதிக்குமா என்பதில்தான் சிக்கல்.