டீவிட்ரிஃபிகேஷன்: நீக்கமா, நீங்கலா?

உலையோடு பழகியவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். உலையின் சூடு வெளியேறாமல் உட்புறம் போர்த்தும் செராமிக் ஃபைபர் (செராமிக் இழை) போர்வை, புதிதாக இருக்கும்போது வெள்ளைப் பஞ்சு போல மடங்கும். பல நாள் கடும் சூட்டில் கிடந்த பிறகு, நெருப்பைப் பார்த்த பக்கம் மட்டும் சுருங்கி விறைத்துப்போய், லேசாக அழுத்தினாலே பொடியாக உதிரும். இதற்குக் காரணம்தான் டீவிட்ரிஃபிகேஷன்.

லத்தீனில் 'விட்ரம்' என்றால் கண்ணாடி. முன்னால் ஒட்டிய 'டீ' இழப்பைச் சொல்கிறது. செராமிக் என்று பெயர் வைத்தாலும் இந்த இழை பிறப்பால் கண்ணாடிதான். அலுமினாவும் (அலுமினியம் ஆக்சைடு) சிலிக்காவும் (சிலிக்கன் ஆக்சைடு) ஏறக்குறைய பாதிக்குப் பாதி. உருக்கி, இழையாக்கி, அணுக்கள் ஒழுங்காக அடுக்கி உட்கார அவகாசம் தராமல் குளிரவைத்தது. சுமார் 980 டிகிரி செல்சியஸில் அந்த அவகாசம் கிடைத்துவிடுகிறது. அலுமினாவும் சிலிக்காவும் சேர்ந்த முல்லைட் படிகங்கள் முளைக்கின்றன. மிஞ்சிய சிலிக்கா, சூடு இன்னும் ஏறினால் கிறிஸ்டோபலைட் என்ற சிலிக்காப் படிகம் ஆகிறது. சில மைக்ரான் தடிமனே உள்ள இழைக்குள் படிகம் பெருத்தால் இழை எப்படி வளையும்?

சரி, தமிழில் என்ன சொல்வது? சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'கண்ணாடித்தன்மை நீக்கம்'. எனக்கு இது ஒட்டவில்லை. நீக்கம் என்றால் நீக்குகிற ஆள் ஒருவர் வேண்டும். இங்கே யாரும் நீக்கவில்லை, தானாக நீங்குகிறது. 'கண்ணாடித்தன்மை நீங்கல்' பிழையில்லை, ஆனால் போனதைச் சொல்கிறதே தவிர வந்ததைச் சொல்லவில்லை. 'படிகமாதல்' வந்ததைச் சொல்கிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இது 'பளிங்காதல்'. அழகான சொல்தான்; என்ன, தமிழ்நாட்டில் பளிங்கு என்றதும் மார்பிள் தரைதான் கண்முன் வரும். உப்புக் கரைசலில் நடப்பதும் படிகமாதல்தான் என்பதால், குழப்பம் வரும் இடத்தில் 'கண்ணாடி படிகமாதல்' என்று எழுதிவிடலாம்.

'ஆதல்' என்ற சொல்லுக்கு இன்னொரு பயனும் உண்டு. கண்ணாடிச் செராமிக் பாத்திரம் செய்பவர்கள் டைட்டானியம் ஆக்சைடு சேர்த்து வேண்டுமென்றே படிகத்தை வரவழைக்கிறார்கள். அது படிகமாக்கல். நம் உலைப் போர்வையில் நடப்பது வேண்டாத படிகமாதல்.

வேண்டாததைத் தள்ளிப்போடவும் ஆக்சைடுதான் உதவுகிறது. 2 முதல் 3 சதவீதம் குரோமியம் ஆக்சைடு சேர்த்தால் முல்லைட் படிகங்கள் பெருப்பது மந்தமாகிறது, சுருக்கமும் குறைகிறது. 15 சதவீதம் அளவில் சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) சேர்ப்பது இன்னொரு வழி. சாதாரண இழை 1260 டிகிரி ரகம் என்றால் இவை 1400-ஐத் தாண்டிய ரகம். சோடியம் ஆக்சைடு நேர் எதிர். கொஞ்சம் அசுத்தமாகக் கலந்திருந்தாலும் கண்ணாடியை இளக்கி, அணுக்கள் நகர வழிவிட்டு, படிகத்தை விரைவுபடுத்தும். அதனால் சோடியத்தைப் 'படிகத் தூண்டி' எனலாம். குரோமியத்தைப் 'படிகத் தடுப்பி' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது தடுப்பதில்லை, தாமதிக்கிறது. சூடும் நாளும் கூடினால் அந்த இழையும் படிகமாகும்.