உப்புப் போட்டால் அணையும் வெளிச்சம்

நியூ ஜெர்சியில் வசிக்கும் வாசகி ஒருவர் அனுப்பிய கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். அக்டோபர் 31 அன்று வரும் ஹாலோவீன் என்னும் பேய் வேட விழாவுக்குக் கடையில் விற்கும் மின் அலங்காரங்களை வாங்காமல், காலியான ஊறுகாய் ஜாடிகளில் டானிக் வாட்டர் என்னும் கசப்புச் சோடா பானத்தை ஊற்றி, அவற்றின் பின்னால் ஒரு புற ஊதா விளக்கை வைத்திருக்கிறார். தண்ணீர்போல் தெளிவாக இருந்த பானம், பேய்வீட்டுக்கு ஏற்ற வெளிர்நீலத்தில் ஒளிர்ந்திருக்கிறது. ஒரு ஜாடியை மட்டும் கடலடிக் காட்சியாக்க விரும்பிய அவருடைய மகள், அதற்குள் பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒன்றை இறக்கி, கடல் என்றால் உப்பு வேண்டுமே என்று இரண்டு தேக்கரண்டி சமையல் உப்பையும் கரைத்திருக்கிறாள். அந்த ஜாடி மட்டும் ஒளிரவே இல்லை. ஒரே புட்டியிலிருந்து ஊற்றியது இங்கே ஒளிர்வதும் அங்கே இருண்டு கிடப்பதும் ஏன் என்று கேட்டிருக்கிறார்.

எத்தனையோ ஆய்வகங்கள் பயன்படுத்தும் ஒரு வேதியியல் நிகழ்வை அந்தச் சிறுமி தன் வீட்டு மேசையில் நிகழ்த்தியிருக்கிறாள் என்பதால், விடையைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

டானிக் வாட்டரின் கசப்புக்குக் காரணம் குயினைன். சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து கிடைக்கும் இப்பொருள்தான் நம் முன்னோர் கொய்னா என்று அறிந்திருந்த மலேரியா மருந்து. 1860ஆம் ஆண்டு தொடங்கி, கிளெமெண்ட்ஸ் மார்க்கம் என்னும் ஆங்கிலேயரின் ஏற்பாட்டில் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட சிங்கோனாவை மெக்ஐவர் என்னும் தோட்டக்கலை வல்லுநர் நீலகிரியில் வளர்த்தெடுத்தார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசுத் தோட்டங்கள் உருவாயின. இன்றைய டானிக் வாட்டரில் மருந்தின் அளவுக்குக் குயினைன் கிடையாது. அமெரிக்க விதிப்படி பத்து இலட்சம் பங்கில் 83 பங்குக்கு மேல் அது இருக்கக் கூடாது. இத்தனை சிறிய அளவே ஒரு ஜாடி முழுவதையும் ஒளிரச் செய்யப் போதுமானதாக இருக்கிறது.

ஒளிர்வின் அடிப்படை பள்ளிப் பாடத்திலேயே வருவதுதான். குயினைன் மூலக்கூறு, 350 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய புற ஊதா ஒளியை நன்கு உறிஞ்சும். அந்த ஒளியின் ஒவ்வொரு துகளும் ஏறத்தாழ 3.5 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைக் கொண்டுவந்து, மூலக்கூற்றின் எலக்ட்ரான் ஒன்றை மேல்மட்டத்துக்கு உயர்த்துகிறது. அந்த ஆற்றலில் ஒரு பகுதி மூலக்கூற்றின் அதிர்வுகளாகச் சிதறிச் சுற்றியுள்ள நீரில் வெப்பமாகக் கரைந்துவிடும். மீதமுள்ள ஏறத்தாழ 2.75 எலக்ட்ரான் வோல்ட், எலக்ட்ரான் கீழே இறங்கும்போது 450 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியாக வெளிவருகிறது. உள்ளே சென்றதைக் கண் காணாது. வெளியே வருவதைக் காணும். இதைத்தான் உடனொளிர்வு என்கிறோம்.

குயினைன் கரைசலின் மேற்பரப்பை ஒட்டி ஒரு விந்தையான நீலம் தெரிவதை ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1845இலேயே எழுதிவைத்தார். அதன் காரணத்தை 1852இல் கண்டறிந்தவர் இயற்பியலாளர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, குயினைன் கரைசல் நிரம்பிய குழாயைச் சிவப்பிலிருந்து ஊதாவை நோக்கி அவர் நகர்த்திக்கொண்டே சென்றார். கண்ணுக்குத் தெரியும் நிறங்கள் பெரும்பாலானவற்றில் குழாயில் எம்மாற்றமும் இல்லை. ஊதாவின் விளிம்பை எட்டி, அதையும் கடந்து, வெறும் இருட்டாகத் தோன்றும் பகுதிக்குள் நுழைந்தபோது குழாய் நீலமாக ஒளிர்ந்தது. கண் இருட்டு என்று சொன்ன இடத்தில் ஒளி இருந்ததைக் குயினைன் காட்டிக்கொடுத்தது. அறிவியல் வரலாற்றில் இதைவிட எளிமையும் அழகும் சேர்ந்த சோதனைகள் சிலவே உண்டு என்பது என் எண்ணம்.

இனி உப்புக்கு வருவோம். எலக்ட்ரான் உயர்ந்த கணத்துக்கும் நீல ஒளி வெளிப்படும் கணத்துக்கும் இடையே ஒரு காத்திருப்பு உண்டு. குயினைனுக்கு அது சராசரியாக ஒரு வினாடியில் நூறு கோடியில் இருபது பங்கு, அதாவது ஏறத்தாழ 20 நானோவினாடி. நமக்கு அது ஒன்றுமே இல்லை. மூலக்கூறுகளின் உலகில் அது நெடுங்காலம். நீரில் கரைந்த துகள்கள் ஓயாமல் அலைந்து ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருப்பவை. சமையல் உப்பைக் கரைத்தால் சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும் தனித்தனியே பிரிந்து அலையத் தொடங்குகின்றன. ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி உப்பு என்ற அளவில், ஆற்றலோடு காத்திருக்கும் ஒரு குயினைன் மூலக்கூற்றை அந்த 20 நானோவினாடிக்குள் குளோரைடு அயனிகள் பல பத்து முறை சந்தித்துவிடும்.

அச்சந்திப்பில்தான் வெளிச்சம் பறிபோகிறது. உயர்நிலையில் இருக்கும் குயினைனில் எலக்ட்ரானின் பழைய இடம் காலியாக இருப்பதால், அது பிறரிடமிருந்து எலக்ட்ரானைப் பெறத் துடிக்கும் நிலையில் இருக்கிறது. குளோரைடோ கூடுதலாக ஓர் எலக்ட்ரானை வைத்திருக்கும் அயனி. இரண்டும் நெருங்கும்போது குளோரைடின் எலக்ட்ரான் குயினைன் பக்கமாகக் கணப்பொழுது சாய்ந்து மீள்கிறது; அந்தச் சாய்வின் வழியே குயினைன் தன் ஆற்றலை ஒளியாக வெளியிடாமல் வெப்பமாக இழந்து, பழைய நிலைக்கு இறங்கிவிடுகிறது. இரண்டு துகள்களுக்கும் எந்தச் சேதமும் இல்லை. குயினைன் அடுத்த ஒளித்துகளை உறிஞ்சும். மறுபடியும் ஒரு குளோரைடு வந்து சேரும். ஜாடி எப்போதும்போலப் புற ஊதாவை விழுங்கிக்கொண்டே இருக்கிறது. நீலம் மட்டும் வெளியே வருவதில்லை.

இந்த விளக்கத்தை வாசகி தம் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மூன்று கோப்பைகளில் ஒரே அளவு டானிக் வாட்டரை ஊற்றி, ஒன்றை அப்படியே விட்டு, இரண்டாவதில் சமையல் உப்பையும், மூன்றாவதில் அமெரிக்க மருந்துக் கடைகளில் கால் ஊறவைப்பதற்காக விற்கும் எப்சம் உப்பையும் கரைக்கச் சொல்லுங்கள். எப்சம் உப்பு என்பது மக்னீசியம் சல்பேட். சல்பேட் அயனி தன் எலக்ட்ரானை எளிதில் நெகிழவிடாது; ஆகவே மூன்றாவது கோப்பை முதலாவதைப் போலவே ஒளிரும். நடுவில் இருப்பதுமட்டும் இருண்டுவிடும். சமையல் உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்தால், ஒவ்வொரு சிட்டிகைக்கும் நீலம் படிப்படியாக மங்குவதைக் காணலாம். மங்கிய நிலையில் நிறுத்தி அதே அளவு புதிய டானிக் வாட்டரைச் சேர்த்தால், அயனிகளின் செறிவு குறைவதால் ஒளி ஓரளவு மீளும். குளோரைடைவிடப் புரோமைடும், அதைவிட அயோடைடும் இன்னும் வலிமையாக அணைக்கும். எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் எளிமையும் அதே வரிசையில்தான் கூடுகிறது. குயினைனின் இந்த வினையைப் பற்றி ஸ்டோக்ஸே 1869இல் ஒரு குறிப்பு வெளியிட்டார்.

பயன் என்னவென்று கேட்காமல் செய்யப்பட்ட இந்த ஆராய்ச்சி எங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குயினைனுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, நியூயார்க்கின் கோல்ட்வாட்டர் நினைவு மருத்துவமனையில் பெர்னார்ட் பிரோடி, சிட்னி யூடன்பிரெண்ட் என்னும் ஆய்வாளர்கள் மாற்று மருந்தான அட்டபிரினின் அளவை, அதன் ஒளிர்வைக் கொண்டே இரத்தத்தில் அளந்தார்கள். அங்கே பணியாற்றிய ராபர்ட் போமன், பின்னர் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் 1950களின் நடுவில் உருவாக்கிய ஒளிர்வுமானி, உயிர்வேதியியல் ஆய்வகங்களின் அன்றாடக் கருவியாயிற்று. குயினைனின் உறவு மூலக்கூறு ஒன்று குளோரைடைக் கண்டால் மங்கும் அதே இயல்பைக் கொண்டு, உயிரணுக்களுக்குள் குளோரைடு எவ்வளவு நகர்கிறது என்று அளக்கிறார்கள். குளோரைடு செல்லும் வாயில் பழுதாவதால் வரும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் நோயின் ஆராய்ச்சிக்கு அது உதவியது. உடனடிப் பயன் தரும் திட்டத்துக்கே பணம் என்று நிதிக் குழுக்கள் சொல்லும்போதெல்லாம், ஒரு குழாயை வானவில்லின் குறுக்கே நகர்த்திப் பார்த்த ஸ்டோக்ஸுக்கு அத்தகைய குழு என்ன பதில் சொல்லியிருக்கும் என்று எண்ணி வருந்துகிறேன்.

அலங்காரத்துக்குத் திரும்புவோம். விளக்கைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலருடைய பணம் வீணாகிறது. ஊதா நிறக் கண்ணாடி போட்ட பழைய வகைக் குண்டு பல்புகள் மிக மலிவு. ஆனால் அவற்றில் புற ஊதா பெயரளவுக்கே உண்டு. மலிவான எல்இடி டார்ச்சுகள் பெரும்பாலும் 395 நானோமீட்டரில் ஒளிர்பவை. அங்கே குயினைனின் உறிஞ்சுதல் வெகுவாகக் குறைந்துவிடுவதால் நீலம் மங்கலாகவே தெரியும், விளக்கின் ஊதாவே அறையை நிறைக்கும். 365 நானோமீட்டர் என்று குறித்த எல்இடியோ, பிளாக்லைட் என்று விற்கும் கருங்கண்ணாடிக் குழல்விளக்கோ வாங்குவது நல்லது. சாதாரண ஜாடிக் கண்ணாடி இந்த அலைநீளத்தை நன்றாகவே உள்ளே விடும். ஒளி உட்செல்லச் செல்ல உறிஞ்சப்படுவதால் விளக்கை நோக்கிய பக்கம் கூடுதலாக ஒளிரும். அகன்ற பாத்திரத்தைவிட ஒல்லியான ஜாடி சீராகத் தெரியும். சர்க்கரை இல்லாத டானிக் வாட்டர் சிந்தினாலும் பிசுபிசுப்பு இருக்காது. புட்டியின் பொருட்பட்டியலில் குயினைன் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் சோடா ஒளிராது. மெல்லிய வினைல் கையுறையில் டானிக் வாட்டரை நிரப்பிக் கட்டி, உறைபெட்டியில் இரவு முழுவதும் வைத்து, மறுநாள் கையுறையைக் கிழித்தெடுத்தால் ஒளிரும் பனிக்கட்டிக் கை கிடைக்கும்.

அதே விளக்கின் கீழ் வீட்டிலுள்ள வேறு சில பொருள்களும் ஒளிரும். துணிகள் வெண்மையாகத் தெரிவதற்காகச் சலவைத்தூளில் சேர்க்கும் ஒளிர்சாயம் புற ஊதாவை நீலமாக மாற்றவல்லது. ஆகவே பழைய வெள்ளைப் பருத்தித் துணியை அத்தகைய தூளில் துவைத்து, கெட்டியான சோளமாவுக் கஞ்சியில் நனைத்து, உயரமான புட்டியின் மேல் கவிழ்த்த கிண்ணத்தில் போர்த்திக் காயவிட்டால், புட்டியை எடுத்த பிறகும் விறைப்பாக நிற்கும் பேயுருவம் ஒன்று கிடைத்துவிடும். பெட்ரோலியம் ஜெல்லியால் கண்ணாடியில் எழுதிய சொற்கள் சாதாரண விளக்கில் அவ்வளவாகத் தெரியாது. புற ஊதாவில் வெளிர்நீலமாகத் தெரியும். பசுங்கீரையைச் சாராயத்தில் நசுக்கி வடிகட்டினால் வரும் பச்சைச் சாறு, பச்சையத்தின் காரணமாக இரத்தச் சிவப்பாக ஒளிரும். இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சிவப்புதான்.

பிள்ளைகள் பேய் வேடம் போடுவதைக் கண்டு அஞ்சி ஹாலோவீனையே தடுக்கும் பெற்றோரை நான் அறிவேன். அமானுஷ்யமாகத் தோன்றும் ஒளியைத் தன் கையால் ஏற்றி, ஒரு கரண்டி உப்பால் அணைக்கவும் தெரிந்த பிள்ளையிடம் பேயைச் சொல்லிப் பணம் பறிக்கும் மந்திரவாதியின் வித்தை எளிதில் பலிக்காது என்பது என் உறுதியான நம்பிக்கை. அதனால் அலங்காரத்தைப் பெரியவர்கள் செய்துவைத்துவிடாமல், கரண்டியைப் பிள்ளைகளிடமே கொடுங்கள்.

எச்சரிக்கைகள் சில உண்டு. கிருமி நீக்கத்துக்கு விற்கும் 254 நானோமீட்டர் விளக்குகளை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அவை கண்ணையும் தோலையும் புண்ணாக்கும். 365 நானோமீட்டர் விளக்கையும் ஜாடிகளுக்குப் பின்னால் மறைத்து, பிள்ளைகளின் கண்ணுக்கு நேராக வராதபடி பொருத்துங்கள். சலவை பிளீச்சை ஊற்றி டானிக் வாட்டரின் ஒளியை அணைத்துக் காட்டும் செய்முறையை வீட்டில் செய்ய வேண்டாம். பிளீச் குயினைன் மூலக்கூற்றையே சிதைத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் டானிக் வாட்டரில் சிட்ரிக் அமிலம் இருப்பதால் அதனுடன் பிளீச் சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு வெளிப்படும். அணைப்பதற்குச் சமையல் உப்பே போதும். வாசகியின் மகளுக்குக் கடலடிக் காட்சிதான் வேண்டுமென்றால், ஜாடியைக் கழுவிப் புதிதாக டானிக் வாட்டர் ஊற்றி, எலும்புக்கூட்டின் காலடியில் மணலுக்குப் பதிலாக எப்சம் உப்பைப் படியவிடலாம். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும் என்றாலும் ஒளி குறையாது.