நாலு கேஜி பைப்பும் கத்திரி வெயிலும்

குடியாத்தத்திலோ ஒடுகத்தூரிலோ ஹார்டுவேர் கடைக்குப் போய் பிவிசி பைப்பு கேட்டால், கடைக்காரர் முதலில் கேட்பது இரண்டு கேள்விதான்: எத்தனை இஞ்ச், எத்தனை கேஜி? இஞ்ச் விவகாரத்துக்கு அப்புறம் வருகிறேன். கேஜி என்பது பைப்பின் எடை அல்ல. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் எத்தனை கிலோ அழுத்தத்தை அது வருடக்கணக்கில் தாங்கும் என்ற கணக்கு. பத்து மீட்டர் உயரத்துக்கு நிற்கிற தண்ணீர் அடியில் கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய 1 கேஜி. இரண்டு மாடி வீட்டுத் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு அவ்வளவுதான் அழுத்தம். முந்நூறு அடி ஆழத்திலிருந்து தண்ணீரைத் தூக்க வேண்டுமானால் 9 கேஜி. அதனால்தான் போர்வெல்லுக்குள் இறக்குவதற்கு மரை வெட்டிய தடித்த ‘காலம்’ (column) பைப்பும், கொல்லையில் ஓட்டுவதற்கு நாலு கேஜி, ஆறு கேஜி பைப்பும் தனித்தனியாக விற்கிறார்கள்.

பைப்பின் மேல் அச்சடித்திருக்கும் அந்தக் கேஜி, 27 டிகிரி செல்சியஸில் பைப்புக்கு இருக்கும் பலம். குடிநீர் பிவிசி பைப்புக்கான ஐஎஸ் 4985 தரவிதி அப்படித்தான் கணக்கிடுகிறது. வேலூரில் 27 டிகிரி என்றால் மார்கழியைத்தான் நம்ப வேண்டும். சித்திரை, வைகாசியில் காற்றே 40 டிகிரியைத் தாண்டும்; வரப்பு மேல் வெயிலில் கிடக்கிற சாம்பல் நிறப் பைப்பு 50 டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

பிவிசி ஐஸ் மாதிரி ஒரு குறிப்பிட்ட சூட்டில் உருகிவிடுவதில்லை. அது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் சிக்கல். அந்தச் சங்கிலிகளின் எடையில் பாதிக்கு மேல், சுமார் 57 சதவீதம், உப்பிலிருந்து எடுத்த குளோரின். 80 டிகிரி வாக்கில் சங்கிலிகள் ஒன்றை ஒன்று விட்டு நகர ஆரம்பிக்கும், பைப்பு ரப்பர் போல வளையும். ஆனால் பலம் அதுவரை காத்திருப்பதில்லை. முன்பிருந்தே படிப்படியாக இறங்குகிறது. பொறியாளர்கள் பயன்படுத்தும் அமெரிக்க அட்டவணைப்படி, 38 டிகிரியில் ஐந்தில் மூன்று பங்கு பலம்தான் மிச்சம். 43 டிகிரியில் பாதி. 60 டிகிரியில் கால் பங்குக்கும் கீழே. அதாவது, சித்திரை நண்பகலில் உங்கள் நாலு கேஜி பைப்பு இரண்டு கேஜியோ அதற்கும் கீழேயோதான்.

அப்படியானால் நம் பக்கத்துப் பைப்பெல்லாம் வெடித்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது பைப்பு வெயிலின் சூட்டை விட்டுவிட்டு தண்ணீரின் சூட்டுக்கு இறங்கிவிடுகிறது. போர் தண்ணீர் 30 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும், ஆகவே ஆபத்து இல்லை. சிக்கல் மோட்டார் நின்று கிடக்கிற நேரத்தில்தான். பகல் முழுக்கக் காய்ந்த லைனில், மும்முனை கரண்ட் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் தானாகவே மோட்டாரை எடுக்கும். பைப்பு மெத்தென்று இருக்கிறது, உள்ளே பாதி காற்று, பின்னாலிருந்து தண்ணீர் முழு வேகத்தில் வந்து எல்போ என்கிற வளைவு இணைப்பில் மோதுகிறது. அந்த முதல் இரண்டு நிமிடத்தில் உடைகிற பைப்புதான் அதிகம் என்பது என் கணிப்பு.

அந்த மோதலுக்கும் கணக்கு உண்டு. ரஷ்யப் பொறியாளர் ஜுகோவ்ஸ்கி 1898இல் வெளியிட்ட சமன்பாடு அது: ஓடுகிற தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் எழும் அழுத்தம், தண்ணீரின் அடர்த்தி, அதன் வேகம், பைப்புக்குள் அழுத்த அலை பாயும் வேகம் மூன்றையும் பெருக்கினால் வரும். பிவிசியில் அந்த அலை நொடிக்குச் சுமார் 400 மீட்டர் பாயும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைத் தடாலென்று அடைத்தால் 4 கேஜி கூடுதலாக ஏறும். இரும்புப் பைப்பாக இருந்தால் சுமார் 12 கேஜி. பிவிசி கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் தப்பிக்கிறது. பால் வால்வை (ball valve) ஒரே திருப்பில் மூடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும். நீண்ட லைனில், பல சுற்று திருகி மூடுகிற கேட் வால்வு நல்லது. அதை அவசரமாக மூடவே முடியாது. லைனின் மேடான இடத்தில் காற்றை வெளியே விடும் ஏர் வால்வு ஒன்று போட்டுவிட்டால் காற்றுத் தொல்லையும் தீரும். பைப்பை ஒன்றரை, இரண்டு அடி ஆழத்தில் புதைத்துவிட்டால் வெயில் பிரச்சினையே பாதி போய்விடும். வெளியே விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் வெள்ளை டிஸ்டம்பர் அடிக்கலாம். அது சூட்டையும் குறைக்கும், பைப்பை நொறுங்க வைக்கும் புற ஊதாக் கதிரையும் தடுக்கும்.

சரி, இணைப்புக்கு வருவோம். இரண்டு பைப்பை நேராக இணைக்கும் காலரோ, எல்போவோ, அதன் வாயை உற்றுப் பார்த்தால் சின்னச் சரிவு தெரியும்: வாசலில் அகலம், உள்ளே போகப் போக இறுக்கம். ஒட்டுவதற்கான பேஸ்ட்டைத் தடவாமல் பைப்பை நுழைத்துப் பார்க்க வேண்டும். வாயின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் நடுவே எங்காவது அது நின்றுவிட வேண்டும். தட்டாமல் அடி வரைக்கும் போனால் அந்தக் காலரைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எவ்வளவு பேஸ்ட் அப்பினாலும் அது நிற்காது.

ஏனென்றால், அந்த டப்பாவில் இருப்பது இடைவெளியை நிரப்புகிற சரக்கு இல்லை. டெட்ராஹைட்ரோஃபியூரான், சைக்ளோஹெக்சனோன் போன்ற கரைப்பான்களும், அவற்றில் கரைந்த கொஞ்சம் பிவிசியும்தான் உள்ளே இருக்கின்றன. தடவியதும் இரண்டு பரப்பும் ஊறி இளகுகின்றன. பிழிந்த சூட்டில் ஒன்றன்மேல் ஒன்று வைத்த இடியாப்ப இழைகள் போல, இந்தப் பக்கத்துச் சங்கிலியும் அந்தப் பக்கத்துச் சங்கிலியும் பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் வெளியேறியதும் பைப்பும் காலரும் ஒரே துண்டாகிவிடும். இரண்டும் நெருங்கி அழுந்துகிற இடத்தில்தான் இது நடக்கும். இடைவெளி இருந்தால், கரைப்பான் போன பிறகு மிஞ்சுவது ஒரு மெல்லிய சுருங்கிய ஏடு, அவ்வளவே. அதிகமாக ஊற்றினாலும் கெடுதி: உள்ளே வழிந்து தேங்கும் பேஸ்ட் பைப்பின் சுவரையே தின்று மெலிய வைக்கும்.

வெயில் இங்கேயும் குறுக்கே வருகிறது. டெட்ராஹைட்ரோஃபியூரான் 66 டிகிரியில் கொதிக்கிற சரக்கு. சூடான பைப்பின் மேல் தடவினால் நுழைப்பதற்குள் ஆவியாகி மேலே தோல் கட்டிவிடும்; இரண்டு காய்ந்த தோல்கள் ஒன்றோடொன்று பின்னாது. காலையில், நிழலில் வைத்த பைப்பில் வேலை செய்யுங்கள். ரம்பத்தால் அறுத்த முனையின் பிசிறை எடுத்து, வெளி ஓரத்தைக் கொஞ்சம் சாய்வாகத் தேய்க்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கூர் முனை உள்ளே போகும்போது பேஸ்ட்டை வழித்துக்கொண்டு போய்விடும். இரண்டு பரப்பிலும் தடவி, நுழைத்து, கால் வட்டம் திருப்பி, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்டால் அந்தச் சரிவு பைப்பை வெளியே தள்ளும். ஒரு நாள் கழித்துத்தான் மோட்டார்.

இப்போது இஞ்ச் விவகாரம். விவசாய லைனுக்கான ‘ஒரு இஞ்ச்’ பைப்பின் வெளிவிட்டம் 32 மில்லிமீட்டர். வீட்டு பிளம்பிங்குக்கு வரும் வெள்ளை நிற ‘ஒரு இஞ்ச்’ அமெரிக்க அளவில் 33.4. சுடுதண்ணீர் சிபிவிசியில் ‘ஒரு இஞ்ச்’ 28.6. ரெண்டு இஞ்சில் 63க்கும் 60.3க்கும் உள்ள வித்தியாசம் இன்னும் மோசம். அறுத்த துண்டு ஒன்றைக் கையோடு கடைக்கு எடுத்துப்போவதே புத்திசாலித்தனம். சிபிவிசிக்குப் பேஸ்ட்டும் தனி. அதில் குளோரினை மேலும் ஏற்றிச் சங்கிலியை விறைப்பாக்கியிருப்பதால் கீசர் லைனுக்கு அது தாங்கும். சாதாரண பிவிசி தாங்காது.

அளவு ஒத்துவராதபோது, அல்லது காலருக்குக் காசு மிச்சம் பிடிக்க, காய்ந்த தென்னை ஓலையைக் கொளுத்தி பைப்பு முனையை வாட்டி, இன்னொரு பைப்பை அதற்குள் ஏற்றிவிடும் பழக்கம் நம் பக்கம் உண்டு. தொழிற்சாலையிலும் சூடு காட்டித்தான் பைப்புக்கு வாய் விரிக்கிறார்கள், ஆனால் சுற்றிலும் ஒரே சீராக. ஓலை நெருப்பில் ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் இளகவே இளகாது. இளகிய பக்கம் மட்டும் இழுபட்டு மெலியும், அழுத்தம் வந்தால் அங்கேதான் கீறும். பிவிசி கருகும்போது கிளம்பும் காரப் புகை ஹைட்ரஜன் குளோரைடு. அதை முகர்ந்துகொண்டு செய்கிற அளவுக்குக் காலர் விலை ஒன்றும் அதிகமில்லை.

மரை வைத்த இணைப்பில் இறுக்கம்தான் எதிரி. டெஃப்லான் டேப்பை மரை ஓடும் திசையில் மூன்று நான்கு சுற்று சுற்றி, கையால் முறுக்கி, அப்புறம் ஸ்பேனரில் ஒரு சுற்று. பிளாஸ்டிக் வாய்க்குள் இரும்பு மரையை முழு பலத்தோடு ஏற்றினால் அன்றைக்கு ஒழுகாது. வாரம் கழித்து நெடுக்கில் விரிசல் விடும். குழாய் மாட்டுகிற இடத்தில் பித்தளை மரை வைத்த எல்போ வாங்குங்கள்.

சொட்டுநீர் லேட்டரல் என்கிற கருப்பு டியூபுக்கு எந்தப் பேஸ்ட்டும் பிடிக்காது. அது பாலிஎத்திலீன்; அதன் சங்கிலிகளில் குளோரின் கிடையாது. அந்தக் கரைப்பான்கள் அதைத் தொடுவதே இல்லை. ஆகவே அங்கே எல்லாம் இறுக்கிப் பிடிக்கிற வித்தைதான்: சப்மெயின் என்கிற கிளை பிவிசி பைப்பில் துளை போட்டு, கிராமெட் என்கிற ரப்பர் வளையம் வைத்து, டேக் ஆஃப் என்கிற சின்ன இணைப்பை அழுத்தி, அதன் மேல் டியூபை ஏற்றுவது. இலவம்பாடிப் பக்கம் முள்ளு கத்தரிக்குச் சொட்டுநீர் போட்டவர்கள் பார்த்திருப்பார்கள், காலையில் நேராக இருந்த டியூப் மதியம் பாம்பாக நெளியும். பாலிஎத்திலீன் இரும்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் விரியும். 50 மீட்டர் டியூபில் விடியலுக்கும் நண்பகலுக்கும் நடுவே ஒரு சாண் வரை வித்தியாசம் வரலாம். மதியத்தில் விறைப்பாக இழுத்து மாட்டிவிட்டால் இரவில் சுருங்கி டேக் ஆஃபைப் பிடுங்கிக்கொள்ளும். கொஞ்சம் தொய்வு விட்டு மாட்ட வேண்டும். துளை போடும்போது விழுந்த பிவிசித் துருவல் சப்மெயினுக்குள்ளேயே கிடக்கும்; லேட்டரல் மாட்டும் முன் ஃப்ளஷ் வால்வைத் திறந்து தண்ணீர் தெளிகிற வரை ஓட விடுங்கள், இல்லையென்றால் அந்தத் துருவல் நேராகத் தண்ணீர் சொட்டும் டிரிப்பருக்குள் போய் உட்காரும்.