மிச்சம் பிடித்த பணம் கார்டுக்குப் போய்ச் சேருகிறதா?

"ஒரு மாசம்கூடத் தவறாமக் கட்டிட்டு வர்றேன் சார். ஆனா கடன் குறையவே மாட்டேங்குது." கிரெடிட் கார்டு கடனோடு என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அம்பத்தூரிலிருந்து வந்த ஒரு தம்பதியும் அதையே சொன்னார்கள். கணவருக்குக் கையில் வரும் சம்பளம் 58,000 ரூபாய். கார்டு பாக்கி 1,80,000. மாதா மாதம் மினிமம் டியூ, அதாவது கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை என்று 9,000 ரூபாய் கட்டி வந்தார்.

முதலில் ஒரு வெள்ளைத்தாளில் அந்த 9,000 எங்கே போகிறது என்று எழுதிக் காட்டினேன். அவர் கார்டுக்கு மாத வட்டி 3.5 சதவீதம். 1,80,000-க்கு வட்டி 6,300 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 1,134 ரூபாய். ஆக 7,434 போய்விட்டது. அசலில் கழிந்தது வெறும் 1,566. ஆனால் பெட்ரோலுக்கும் மளிகைக்கும் அதே கார்டில் மாதம் 6,000 ரூபாய் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடன் எப்படிக் குறையும்? மாதம் நாலாயிரத்துக்கு மேல் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஊரில் யாராவது நூற்றுக்கு மூன்று வட்டி கேட்டால் அநியாயம் என்கிறோம். கார்டில் அதற்கும் மேல் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. பில் தொகையை முழுதாகக் கட்டாமல் பாக்கி வைத்துவிட்டால், வட்டியில்லாக் காலம் என்ற சலுகை போய்விடும். நேற்று வாங்கிய பாலுக்கும் நேற்றிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே செலவைக் குறைப்பதில் முதல் வேலை, கார்டைத் தேய்ப்பதை அடியோடு நிறுத்துவது. ஆப்களில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணையும் அழித்துவிட வேண்டும்.

நிறுத்தியதும் முதல் இரண்டு மாதம் மூச்சு முட்டும். இதுவரை கார்டில் போன 6,000 ரூபாய் மளிகையும் பெட்ரோலும் இப்போது சம்பளத்திலிருந்து வர வேண்டுமே! பலர் இந்த இடத்தில்தான் தடுமாறி, மறுபடி கார்டை எடுத்துவிடுகிறார்கள். அதனால் அந்த 6,000-க்கும் சேர்த்தே வழி தேடினோம்.

மூன்று மாத வங்கிக் கணக்கு விவரத்தை மேசைமேல் விரித்து, தேவையில்லாததைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடச் சொன்னேன். நான் வட்டமிட மாட்டேன். அது அவர்கள் வீடு. ஓட்டலுக்கும் உணவு டெலிவரிக்கும் போட்ட வட்டங்களைக் கூட்டியபோது, அந்தப் பெண் எதுவும் பேசாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதில் மாதம் 4,400 ரூபாயைக் குறைக்க முடிந்தது. வாடகைக் காரை விட்டு மின்சார ரயில் சீசன் டிக்கெட்டுக்கு மாறியதில் 2,000. ஓடிடி, போகாத ஜிம் இரண்டிலும் 1,600.

அடுத்து, சேமிப்பு. மாதம் 3,000 ஆர்.டி. என்கிற வங்கித் தொடர் வைப்பு, 3,000 நகைச் சீட்டு. இதை நிறுத்தச் சொன்னால் யாருக்குமே மனசு வராது. சேமிப்பு நல்ல பழக்கம்தான், சரி. ஆனால் ஏழு சதவீத வட்டிக்குப் போட்டுவிட்டு, ஆண்டுக்கு 42 சதவீதத்துக்குக் கடன் வைத்திருந்தால் அது சேமிப்பு ஆகாது. நகைச் சீட்டு அந்த மாதத்தோடு முடிந்தது, மறுபடி சேரவில்லை. ஆர்.டி.யை முடித்து, வந்த 42,000 ரூபாயை அன்றே கார்டில் கட்டினார்கள். பாக்கி 1,38,000.

செலவில் குறைத்த 8,000, சேமிப்பில் நிறுத்திய 6,000, மொத்தம் மாதம் 14,000 மிச்சம். அதில் 6,000 மளிகைக்கும் பெட்ரோலுக்கும், 8,000 கார்டுக்கு. பழைய 9,000-உடன் சேர்த்து மாதம் 17,000. கணக்குப் போட்டால் 11-வது மாதம் முடியும். பழையபடி 9,000 மட்டும் கட்டியிருந்தால், புதிதாக ஒரு ரூபாய்கூடத் தேய்க்காவிட்டாலும், 1,80,000 அடைய மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கும்.

மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்திலும் அப்பா அம்மா மாத்திரையிலும் கை வைக்க நான் விடவில்லை. ஒரு முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் போதும், குறைத்த கடனெல்லாம் திரும்பி வந்துவிடும்.

இவ்வளவு குறைத்தும் கடன் அடையாதவர்களைப் பார்த்திருக்கிறேன். மிச்சம் பிடித்த பணம் சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கும். கெடு தேதி 18 என்றால், ஒன்றாம் தேதியிலிருந்து 18 வரை அது கரைந்துகொண்டே போகும். ஒரு கல்யாண மொய், ஒரு டயர், ஒரு பிறந்தநாள். அதனால் சம்பளம் ஏறிய அன்றே 17,000-ஐக் கார்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்றேன். பாக்கி வைத்தவர்களுக்கு வட்டி நாள்கணக்கில் ஓடுகிறது. 17 நாள் முன்னால் கட்டினால் அந்த நாட்களின் வட்டியும் குறையும்.

நகைக்கடன் வாங்கி மொத்தமாக அடைக்கலாமே என்றும் கேட்டேன். கார்டு வட்டியோடு பார்த்தால் வங்கி நகைக்கடன் வட்டி நாலில் ஒரு பங்குதான். "பாட்டி போட்ட வளையல் சார், அதை மட்டும் கேட்காதீங்க" என்றார் அந்தப் பெண். நான் வற்புறுத்தவில்லை. நகையை அடகு வைத்து அடைத்த கையோடு மறுபடி கார்டையும் தேய்த்து, இரண்டு கடனோடு வந்தவர்களும் உண்டு.

கோர்ட் வட்டியைக் குறைக்கும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

கடைசித் தவணை கட்டிய அடுத்த மாதம் அவர்களுக்கு மறுபடி ஒரு சிறிய பில் வந்தது. பயந்துபோய் போன் செய்தார்கள். பில் போட்ட நாளுக்கும் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அது. அதையும் கட்டி, கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுக்கச் சொன்னேன். பாக்கி இல்லையென்றால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது 2022-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. ஐந்தாம் நாள் பாக்கி இல்லை என்ற கடிதம் வந்தது. இப்போது அதே 17,000-இல் பாதி, அதே சம்பள நாளன்று, ஆர்.டி.க்குப் போகிறது.