இணையர் வன்முறை

‘இன்டிமேட் பார்ட்னர் வயலன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் ‘குடும்ப வன்முறை’ என்று எழுதிவிட்டுப் போகிறோம். இரண்டும் ஒன்றல்ல. மாமியார் சூடு போட்டாலும், மகன் தாயை அடித்தாலும் அது குடும்ப வன்முறைதான். அந்த ஆங்கிலச் சொல்லோ கணவன் அல்லது மனைவி, காதலர், சேர்ந்து வாழ்பவர், பிரிந்துபோன பழைய துணை ஆகியோர் செய்வதை மட்டும் குறிக்கும்.

பார்ட்னர் என்ற சொல்லின் வேர், லத்தீனில் பங்கிடுவதைக் குறிப்பது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அப்படியே பெயர்த்தால் ‘பங்காளி’! ஆனால் பங்காளிச் சண்டை என்றால் நமக்கு வரப்புத் தகராறுதான் நினைவுக்கு வரும். ‘துணைவர்’ பரவாயில்லை, ஆனாலும் துணை என்றால் உதவி என்றும் பொருள். அடிக்கிறவரை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘இணை’ என்பது ஜோடி. தாலி கட்டியாயிற்றா என்று கேட்காத சொல். நெருக்கமும் அதிலேயே அடங்கிவிடுவதால் ‘நெருங்கிய’ என்ற அடை வேண்டாம். சரி, ‘இணையர் வன்முறை’ என்றே வைத்துக்கொள்வோம்.

வன்முறை என்றதும் கை ஓங்குவதுதான் கண்ணில் படும். இந்தியாவின் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் உடல், பாலியல், சொல், மனம், பொருளாதாரம் என எல்லா வழித் துன்புறுத்தலையும் கணக்கில் எடுக்கிறது. பிள்ளை இல்லை, ஆண்பிள்ளை இல்லை என்று ஏளனம் செய்வதையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பெண்குழந்தை பெற்றுப் படுத்திருப்பவளிடம் “இதுவும் பொட்டைதானா?” என்று கணவன் கேட்பது வெறும் வாய்ப்பேச்சு அல்ல.

கர்ப்பிணிகளின் மனநலம் பற்றி எழுதும்போது இதன் கூடவே வரும் இன்னொரு ஆங்கிலச் சொல் ‘பெரிநேட்டல்’. ‘சுற்றி’ என்னும் கிரேக்கச் சொல்லும் ‘பிறப்பு’ என்னும் லத்தீன் சொல்லும் ஒட்டியது. ‘பேறுகாலம்’ என்பதைக் கர்ப்பத்துக்கும் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களுக்கும் சற்று நீட்டிக்கொண்டால் ‘பேறுகால மனநலம்’ கிடைக்கிறது. கர்ப்பத்தில் இணையர் வன்முறைக்கு ஆளானவர்களிடம் பேறுகால மனச்சோர்வு கூடுதலாகக் காணப்படுகிறது. அதைக் கண்டறிய 1987இல் வெளியான எடின்பரோ அளவுகோலில் 10 கேள்விகள். கடந்த 7 நாட்களில் சிரிக்க முடிந்ததா, தூக்கம் வந்ததா, காரணமில்லாமல் தன்னையே குறை சொல்லிக்கொண்டாரா என்றெல்லாம் கேட்கும். கணவனைப் பற்றி ஒன்றுகூட இல்லை. மதிப்பெண் கூடினால் மனச்சோர்வு என்று சீட்டில் ஏறும். வீட்டில் நடப்பது ஏறாது.

அதை மருத்துவரோ செவிலியரோ தனியாகக் கேட்க வேண்டும், கூட வந்தவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டு. கேட்கும்போது ‘இணையர் வன்முறை’ என்ற சொல் உதவாது. “வீட்டுக்காரர் அடிக்கிறாராம்மா? அவரைப் பார்த்தால் பயமா இருக்கா?” என்றால் புரியும்.